தெருமுனையில் டிராயான்

பிப்ரவரி 12

பனி வேண்டுமாம். ஹென்ரிக் ஸ்டாக்ஹோமிலிருந்து திரையில் வந்து உட்கார்ந்து, டிசம்பர் மாதம், ருமேனியா, பனி எங்கே என்று கேட்டார். எண்பத்தொன்பது டிசம்பரில் எங்கள் ஊர் டிமிஷ்வாராவில் பனி விழவில்லை, சர்வாதிகாரிக்கு எதிராக வெறும் ஸ்வெட்டரோடுதான் ஜனங்கள் தெருவுக்கு வந்தார்கள் என்று நான் சொன்னேன். "எனக்குப் புரியுது. வாங்கறவங்களுக்குப் புரியாதே," என்றார். அந்த டிசம்பரைப் பற்றி நாங்கள் செய்யும் கம்ப்யூட்டர் கேமுக்குப் பணம் போட்டு உலகம் முழுக்க விற்கப் போகிறவர் அவர். ஆகவே மரியாதையாகத் தலையாட்டினேன். டோரின் ஆட்டவில்லை. கம்பெனி அவனுடையது, அவனுக்கு அந்த உரிமை உண்டு.

பனி இல்லை என்று ஒருவழியாக ஒத்துக்கொண்டார். அதற்குப் பதிலாக வேறொன்று கேட்டார். இதுவரை எங்கள் கேமில் ஆடுகிறவர் கூட்டத்தில் ஒருவர். ஓடலாம், ஒளியலாம், அடிபட்டவரை இழுத்துக்கொண்டு போகலாம். இனி ராணுவத்தின் பக்கமும் வேண்டும். துப்பாக்கி ஆடுகிறவர் கையில் இருக்க வேண்டும்.

"ஒரு பக்கம் மட்டும் காட்டினா அது பாடம். ரெண்டு பக்கமும் காட்டினாத்தான் கேம்."

கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. எழுதலாமே என்று கை பரபரத்தது. இந்த கேமில் யார் எங்கே நிற்கிறார்கள், என்ன பேசுகிறார்கள் என்பதெல்லாம் என் வேலைதானே.

ராத்திரிச் சாப்பாட்டின்போது என் கணவன் கொர்னேலிடம் சொன்னேன். அவன் செயற்கைப் பல் செய்கிறவன். எதையும் கடித்துப் பார்த்துத்தான் பேசுவான். "நான் பல்லு கட்டறேன், நீ ஆளக் கொல்ற. குடும்பம் நல்லாத்தான் ஓடுது," என்றான்.

பிப்ரவரி 27

எழுதிவிட்டேன். நன்றாக வந்திருக்கிறது. நானே சொல்லிக்கொள்ளக் கூடாது, ஆனால் இது என் நாட்குறிப்பு, இங்கேகூடச் சொல்லாவிட்டால் எங்கே சொல்வது?

ஆடுகிறவர் பத்தொன்பது வயதுச் சிப்பாய். தெருவை மறித்து நிற்கிறார். யாரையும் விடாதே என்று கட்டளை. விளக்கெல்லாம் அணைந்த தெரு. முனையில் ஓர் இளைஞன் திரும்பி வருகிறான். கோட்டுக்குள் கனமாக ஏதோ இருக்கிறது, இரும்பு மின்னுகிறது. சுடுவதா வேண்டாமா? சுட்டால், அருகே போய்ப் பார்க்கும்போது தெரியும்: கறி அரைக்கும் மெஷின். மேஜை விளிம்பில் திருகி மாட்டுகிற பழைய இரும்பு மெஷின். சுடாவிட்டால் கட்டளையை மீறியதாக ஆட்டம் தோற்றுப்போகும், மறுபடி முதலிலிருந்து. அந்த விதி ஹென்ரிக்குடையது.

மெஷின் என் கற்பனை இல்லை. அனேட்டா அக்காவின் தம்பி டிராயான் அந்த டிசம்பரில் அப்படித்தான் போனான். வீட்டில் பன்றி அடித்து சாசேஜ் போட்டு முடித்து, இரவல் வாங்கிய மெஷினை ஞானத்தாய் வீட்டில் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினான். வரவில்லை. உடலையும் தரவில்லை, எங்கேயோ கொண்டுபோய் எரித்துவிட்டார்கள். இருபத்தொரு வயது. என் தலைக்குப் பின்னால் நின்று, கையில் கத்தரிக்கோலோடு, கண்ணாடியில் என்னைப் பார்த்தபடி அக்கா இதை எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். முடி வெட்டுவது அவள் தொழில். பதினைந்து வருஷமாக என் தலை அவள் கையில்.

அவளிடம் கேட்கவில்லை. கேட்கலாம். பிறகு.

மார்ச் 8

மகளிர் தினம். டோரின் எங்களுக்கெல்லாம் பூ வாங்கி வந்தான். "மொத்த கேம்லயும் இதுதான் உயிர்," என்று என் காட்சியைப் பற்றி ஹென்ரிக் எழுதியிருக்கிறார். பூவையும் கடிதத்தையும் ஒன்றாக வைத்து ஒரு போட்டோ எடுத்துக்கொண்டேன். அற்பம்தான், இருக்கட்டும்.

மார்ச் 30

முடி கண்ணுக்குள் வருகிறது, வேரில் நரை தெரிகிறது. அனேட்டா அக்கா கடையைத் தாண்டிப் போகாமல் சுற்றுவழியில் அலுவலகம் போகிறேன். இன்று பெரிய கடைவளாகத்தில் இருக்கும் சலூனில் வெட்டிக்கொண்டேன். அந்தப் பெண் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை, போனில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. கொர்னேல் பார்த்துவிட்டு, "நல்லாருக்கு," என்றான். அவன் அப்படிச் சொன்னால் நிஜமாகவே மோசம்.

ஏப்ரல் 6

சந்தையில் பிடிபட்டேன். முள்ளங்கிக் கடை முன்னால்.

"யாருடி உன் தலையில கை வெச்சது?" பின்னாலிருந்தே கண்டுபிடித்துவிட்டாள் அனேட்டா அக்கா.

"அவசரம்க்கா, அதான்..."

"அவசரத்துல வெட்டின மாதிரிதான் இருக்கு. ஒரு காது மேல, ஒரு காது கீழ. எங்கிட்ட என்ன குறைன்னு சொல்லிடு, முள்ளங்கி வாங்கிட்டுப் போயிடறேன்."

பொய் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வேறு ஏதோ வந்துவிட்டது. "டிராயானை நான் கேம்ல வெச்சுட்டேன்க்கா."

"எதுல?"

"கம்ப்யூட்டர்ல ஆடறாங்களே, அதுல."

"அவன் அதுல என்ன பண்றான்?"

"தெருவுல வரான். கோட்டுக்குள்ள அந்த மெஷினோட."

"அப்பறம்?"

முள்ளங்கிக்காரி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்பறம் என்னன்னு கேட்டேன் லிஜியா."

"ஆடறவங்க சுடணும்."

கையிலிருந்த முள்ளங்கிக் கட்டை மெல்லக் கீழே வைத்தாள். "எங்கிட்டக் கேட்டிருக்கணும் நீ," என்றாள். அவ்வளவுதான். பையைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டாள்.

ஏப்ரல் 7

என்ன பெரிய எழுத்து. பெரிய காட்சி. அடுத்தவ வீட்டு எழவ எடுத்து ஸ்டாக்ஹோம்காரனுக்கு வித்துட்டு, பூவோட போட்டோ வேற. அவ தம்பிய அவங்க ஒரு தடவதான் கொன்னாங்க. நான் எத்தனை வீட்ல, எத்தனை தடவ கொல்லப்போறேன்?

கொர்னேலிடம் அழுதேன். "எடுத்துடேன் அந்தக் காட்சிய," என்றான். எடுக்க மனமில்லை என்பதுதான் உண்மை. அதையும் அவனிடம் சொன்னேன். "அப்ப அவங்ககிட்டயே போய் நில்லு. எங்கிட்ட அழுது என்ன ஆகப்போகுது?"

நாளைக்குப் போகிறேன். அக்கா வேண்டாம் என்றால் எடுத்துவிடுவேன். எழுதி வைக்கிறேன், நாளைக்கு நான் மாறிவிடக் கூடாது என்பதற்காக: அவள் வேண்டாம் என்றால் எடுத்துவிடுவேன்.

ஏப்ரல் 9

நேற்று நான் போய் நின்றபோது அக்கா கடையில் தரையைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். சொல்லவந்ததையெல்லாம் சொல்லி முடித்தேன். "பாக்காம நான் எப்படி வேணும் வேண்டாம்னு சொல்றது?" என்றாள். இன்று கடையைப் பூட்டிக்கொண்டு அலுவலகத்துக்கே வந்துவிட்டாள். நல்ல உடுப்பு, உதட்டுச் சாயம், துக்கம் கேட்கப் போகிறவளுக்கும் கல்யாணத்துக்குப் போகிறவளுக்கும் நடுவில் ஒரு தோற்றம்.

டோரின் தன் நாற்காலியைக் கொடுத்தான். பொத்தான்களைக் காட்டித் தந்தேன். சிப்பாயாக அவள் கொஞ்ச நேரம் சுவரில் முட்டினாள், ஒரு குப்பைத் தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தாள், என்னைத் திட்டினாள். பிறகு தெருமுனையில் டிராயான் திரும்பினான்.

அவள் சுடவில்லை. அதிகாரி கத்தினான், திரை இருண்டது, முதலிலிருந்து தொடங்கியது.

மறுபடி வந்தான். மறுபடி சுடவில்லை. மறுபடி இருட்டு. நான் நிறுத்தப் போனேன். கையைத் தட்டிவிட்டாள். அப்போதுதான் முகத்தைப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"திரும்பத் திரும்ப வரான் பாரு," என்றாள்.

ரொம்ப நேரம் அவனை வரவைத்துக்கொண்டே இருந்தாள். டோரின் எழுந்துபோய் ஜன்னல் பக்கம் நின்றுகொண்டான். கிளம்பும்போது ஒன்றே ஒன்று சொன்னாள்: "நடைதான் சரியில்ல. இவன் யாரோ பெரிய மனுஷன் மாதிரி நடக்கறான். எங்க டிராயான் வாத்து."

ஏப்ரல் 10

நேற்றிலிருந்து அதே நினைப்பு. அந்த டிசம்பரில் எனக்கு எட்டு வயது. குண்டு படாமலிருக்கக் குளியல் தொட்டியில் மெத்தையைப் போட்டு என்னை அதில் படுக்க வைத்தார்கள், வெளியே சுடுகிற சத்தம். எனக்கு அது கப்பல். மெத்தையின் நூலைப் பிடித்துக்கொண்டு ஓட்டினேன். மூன்று தெரு தள்ளி ஆட்கள் சுடப்பட்டு விழுந்துகொண்டிருந்தார்கள், நான் விளையாடிக்கொண்டிருந்தேன். இப்போதும் அதைத்தான் செய்கிறேனா? தெரியவில்லை. அப்போது சந்தோஷமாக இருந்தது என்பது மட்டும் தெரியும்.

ஏப்ரல் 25

இந்த வருஷத்தின் நல்ல நாள் இதுதான். டோரின்தான் கேட்டான்: "அவர் எப்படி நடப்பாருன்னு நீங்களே நடந்து காட்டறீங்களா? அதை அப்படியே பிடிச்சு அவருக்குப் போட்டுடலாம்."

உடம்பை ஒட்டிய கறுப்பு உடுப்பு, கேமரா அசைவைப் பிடிக்க மூட்டுக்கு மூட்டு வெள்ளை உருண்டைகள். ஐம்பத்தெட்டு வயது அனேட்டா அக்கா அதற்குள் நுழைய இரண்டு பேர் உதவ வேண்டியிருந்தது. "கிறிஸ்துமஸ் மரத்துக்குக் கொஞ்சம் எடை கூடிடுச்சு," என்று அவளே சொன்னாள். கனத்துக்கு ஒரு தண்ணீர்க் கேனை அணைத்துக்கொண்டு நடந்தாள். கால் இரண்டும் வெளிப்பக்கம் பார்க்க, தோள் ஆட, ஒரு பக்கம் சாய்ந்து. எல்லாரும் சிரித்தோம். அவளும் சிரித்தாள். பிறகு பாதியில் நின்று, "இப்படித்தான்," என்றாள், கேனைக் கீழே வைக்காமலே.

சாயங்காலம் திரையில் பார்த்தோம். அவன் முகம், அவள் நடை. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இலையுதிர் காலத்துலதான் கட்டாய ராணுவ வேலை முடிச்சு வந்தான். கொஞ்ச மாசம் தள்ளிக் கூப்பிட்டிருந்தா இவனே அந்தப் பக்கம் துப்பாக்கியோட நின்னிருப்பான்," என்றாள்.

சாப்பாட்டுக்கு அவள் கொண்டுவந்த முட்டைக்கோஸ் சுருளை ஒன்றுகூட மிச்சம் வைக்கவில்லை.

மே 16

வியாழன்தோறும் வருகிறாள். கடையைப் பூட்டிவிட்டு, டோரின் நாற்காலியில் உட்கார்ந்து, தம்பியை வரவைத்துப் பார்த்துவிட்டுப் போகிறாள். வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. என் முடியைச் சரி செய்துவிட்டாள், காதும் காதும் இப்போது சமம்.

மே 23

இன்று அவள் சீக்கிரம் வந்துவிட்டாள். எங்களிடம் ரஸ்வான் என்று ஒருவன் இருக்கிறான், கேமில் பிழை தேடுவது அவன் வேலை. ஒரே இடத்தை நூறு விதமாக ஆடிப் பார்ப்பான். ரொட்டி வளையத்தை மென்றுகொண்டு டிராயானைச் சுட்டான். முதலிலிருந்து. சுட்டான். முதலிலிருந்து. காலில், தோளில், முதுகில். விழும்போது கோட்டு சரியாக மடிகிறதா என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான். நல்ல பையன். பின்னால் யார் நிற்கிறார்கள் என்று அவனுக்குத் தெரியாது.

நான் காபிக் கோப்பையோடு வரும்போது அவள் அவன் நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்தாள்.

"எத்தனை தடவை இப்படிப் பண்ணலாம் தம்பி?"

"எத்தனை தடவை வேணும்னாலும்," என்றான், திரும்பாமலே.

அவள் உட்காராமல் போய்விட்டாள். ரஸ்வானிடம் சொன்னேன். ரொட்டியை வைத்துவிட்டான், அப்புறம் நாள் முழுக்கத் தலை நிமிரவில்லை.

மே 25

அக்கா கடைக்குப் போனேன். காட்சியை எடுத்துவிடுகிறேன் என்று சொல்லத்தான் போனேன். நாற்காலியைக் காட்டினாள். முடியில் வேலை ஒன்றும் இல்லை, இருந்தாலும் துணியைக் கட்டிவிட்டுத்தான் பேசினாள்.

"அந்தப் பையன் மேல எனக்குக் கோவம் இல்ல. அவன் திரும்பத் திரும்பச் சுடறதும் நான் வரவெச்சு வரவெச்சுப் பாக்கறதும் முதல்லேந்து ஆரம்பிக்கற அதே பொத்தான்லதான். நேத்து பூரா அதையேதான் யோசிச்சேன்."

"எடுத்துடறேன்க்கா."

"யாரு எடுக்கச் சொன்னா? இந்த ஊர்ல கேட்டுப் பாரு, அன்னிக்கு ராணுவத்துல இருந்தவங்க யாருமே சுடல. எல்லாரும் வானத்தப் பாத்துதான் சுட்டாங்களாம், இல்லேன்னா சமையல்கட்டுல உருளைக்கிழங்கு உரிச்சிட்டு இருந்தாங்களாம். நீயும் எடுத்துட்டா அவன் தானா செத்தான்னு ஆயிடும்."

"அப்ப என்ன செய்யணும்?"

சீப்பைத் துடைத்தாள். துடைத்ததையே மறுபடி துடைத்தாள்.

"ஒரு தடவைதான் வரணும் அவன். சுட்டியா, போனான். அப்பறம் நீ எத்தனை தடவை முதல்லேந்து ஆரம்பிச்சாலும் தெரு காலியா இருக்கணும். சுடலியா, உன்னைத் தாண்டிப் போவான், அங்க வேற எவனாவது சுடுவான், உனக்குச் சத்தம் கேக்கும். அதுவும் ஒரு தடவைதான். நான் சுடலியேன்னு ஒருத்தனும் நெஞ்ச நிமித்திட்டுப் போகக்கூடாது."

"உங்களுக்கும் அப்படித்தான் ஆகும்க்கா. நீங்களும் ஒரு தடவைதான் பாக்க முடியும்."

"தெரியும்டி," என்றாள். "தெரியாமயா சொல்றேன்?"

பிறகு என் தலையைக் கழுவிவிட்டாள், தேவையே இல்லாமல். எனக்கு நன்றாக அழ முடிந்தது, முகமெல்லாம் தண்ணீர்தானே.

ஜூன் 4

ஹென்ரிக்கிடம் சொன்னோம். சிரித்தார். பிறகு நாங்கள் சிரிக்கவில்லை என்று கவனித்தார்.

"ஆடறவன் தப்புப் பண்ணுவான், திரும்ப ஆடுவான். அதுக்குத்தான் கேம். காசு கொடுத்து வாங்கினவன்கிட்ட 'உனக்கு இனி இது இல்ல'ன்னு எப்படிச் சொல்றது?"

டோரின் சொன்னான்: "அந்த ராத்திரி அப்படித்தான் சார் இருந்துச்சு. ரெண்டு பக்கமும் வேணும்னு நீங்கதான் கேட்டீங்க. அந்தப் பக்கத்துல நிக்கறதுன்னா இதுதான்."

யோசித்துச் சொல்கிறேன் என்றார். இவர் கைவிட்டால் கேமே வெளிவராது. அலுவலகத்திலிருந்து வரும்போது டோரினும் நானும் பேகா கால்வாய் ஓரமாக நடந்தோம். பயமாகத்தான் இருந்தது. அதோடு, இதைச் சொன்னால் விசித்திரமாக இருக்கும், நிம்மதியாகவும் இருந்தது. ஐஸ்கிரீம் வாங்கிச் சாப்பிட்டோம்.

ஜூன் 19

பதில் வந்துவிட்டது. ராணுவப் பக்கத்துக்கு மூன்று அத்தியாயம் என்பது ஒன்றாகக் குறைகிறது, விளம்பரமும் பாதி. அந்த ஒரே அத்தியாயத்தில் எங்கள் விதி இருக்கலாம். கேமின் தொடக்கத்தில் எச்சரிக்கை போட வேண்டும். கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தார்: என் மனைவியிடம் சொன்னேன், நீங்கள் சொல்வதே சரி என்கிறாள்.

அந்த மனைவிக்கு ஒரு பாட்டில் பிளம் சாராயம் அனுப்பச் சொன்னேன். டோரின் இரண்டாக அனுப்பிவிட்டான்.

செப்டம்பர் 11

டிராயான் ஒரு தடவைக்கு மேல் வராமலிருக்க டோரின் வழி கண்டுபிடித்துவிட்டான். கேமைக் கடையில் அட்டையாகத்தான் விற்போம்; ஒரு அட்டையில் ஒரு எண், அதைத் தட்டினால்தான் கேம் திறக்கும், ஒரு எண்ணுக்கு ஒரு டிராயான். அழித்துவிட்டு மறுபடி ஏற்றினாலும் தெரு காலி. ரஸ்வான் ஒரு வாரமாக ஏமாற்றப் பார்க்கிறான், முடியவில்லை. இந்த ஒரு பிழையைக் கண்டுபிடிக்காமல் போனதில் அவனுக்கு அவ்வளவு சந்தோஷம்.

டிசம்பர் 5

வெளிவந்துவிட்டது. திட்டுகிறார்கள், பாராட்டுகிறார்கள். போலந்திலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார்: "அவன் வந்தபோது நான் பீட்சா வாங்கக் கதவுக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தால் சத்தம் மட்டும் கேட்டது. எனக்கு இன்னொரு வாய்ப்புத் தரமாட்டீர்களா?" டோரின் மன்னிப்புக் கேட்டுப் பதில் போட்டான். தரவில்லை.

டிசம்பர் 14

அக்காவின் அட்டையில் இன்று ஆடினோம். கடைக்குள், கதவைச் சாத்திவிட்டு, சுவரில் இருக்கும் டிவியில். அவளும் நானும் மட்டும்.

வந்தான். வாத்து நடை. நெருங்கி வந்தபோது அவள் பொத்தான் கருவியை மடியில் வைத்துவிட்டாள். எங்களைத் தாண்டிப் போனான். "சத்தத்தக் குறைச்சிடு," என்றாள். குறைத்தேன். தெரு காலியானது. அவள் அழுவாள் என்று நினைத்தேன். காலித் தெருவையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சரி, போயிட்டு வா," என்றாள் அவனிடம்.

எனக்குத்தான் தாங்கவில்லை.

டிசம்பர் 17

இறந்தவர் பேரில் இங்கே எதையும் கொடுப்போம்: ரொட்டி, துண்டு, மண்குவளை, வாளி. வாங்குகிறவர் 'கடவுள் அவரை மன்னிக்கட்டும்' என்று சொல்லித்தான் வாங்க வேண்டும். டிராயான் போன இந்த நாளில் அனேட்டா அக்கா வருஷாவருஷம் ரொட்டி கொடுப்பாள். இன்று காலை அவளோடு டிராம் நிறுத்தத்துக்குப் போனேன். பெரிய பை நிறைய வளைய ரொட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு மெழுகுவத்தி, ஒவ்வொன்றோடும் நூலில் கட்டிய ஓர் அட்டை. எங்கள் கேம்.

"எத்தனை அட்டை வாங்கினீங்க?" என்று கேட்டேன்.

"ஒவ்வொரு அட்டைக்கும் ஒரு தடவை வருவான்ல," என்றாள்.

டிக்கெட் பரிசோதகருக்குக் கொடுத்தாள். பூக்காரிக்குக் கொடுத்தாள், அவள் வீட்டில் கம்ப்யூட்டரே இல்லை. பள்ளிக்குப் போகிற பெரிய பையன்கள் நான்கு பேர் கூச்சத்தோடு தொப்பியைக் கழற்றிவிட்டு, அந்த வார்த்தையைச் சரியாகச் சொல்லி வாங்கிக்கொண்டார்கள். ஒருவன் அட்டையைத் திருப்பிப் பார்த்தான்.

"சுடற கேமா ஆன்ட்டி இது?"

"ஆமா. அதுல என் தம்பி வருவான். ஒரு தடவைதான் வருவான். அப்ப போனப் பாத்துட்டு இருக்காத."

"சரிங்க," என்றான் அவன்.

எனக்கும் ஒன்று கொடுத்தாள். நானே எழுதிய கேம். கடவுள் அவரை மன்னிக்கட்டும் என்று சொல்லி, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

டிசம்பர் 18

கொர்னேல் ஒருநாளும் கேம் ஆடியதில்லை. இன்று சாப்பிட்டதும் அந்த ரொட்டியில் பாதியைத் தின்றுவிட்டு, "எந்தப் பொத்தான்ல நடக்கறது?" என்று கேட்டான். காட்டிக்கொடுத்தேன். உட்காரப் போனவன் எழுந்து, போனைக் கொண்டுபோய்ச் சமையலறையில் வைத்துவிட்டு வந்தான்.